கண்ணை எங்கே வைப்பது?

லென்சு என்பது வெறும் கண்ணாடித் துண்டுதானே என்று எண்ணுகிறோம். ஆனால் இரண்டு சேர்ந்தால் அவை புரியும் விந்தை பெரிது. 1611-ஆம் ஆண்டில் கெப்ளர், இரு குவிலென்சுகளால் தொலைநோக்கி அமைக்கலாம் என்று தம் நூலில் விளக்கினார். இயேசு சபைக் குருவான கிறிஸ்டோப் ஷைனர் அத்தகைய கருவியால் கதிரவனின் புள்ளிகளை ஆராய்ந்தார். இன்று நாம் அக்கருவியின் படத்தை அழகுற வரைகிறோம், மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆயினும் அதில் கண்ணை எங்கே வைப்பது என்று கேட்டால் விழிக்கிறோம்!

இது சிறு குறை அன்று. கண் இடம் தவறினால் காட்சி சுருங்கும், ஓரம் இருளும். "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று ஒரு மாணவி ஒதுங்கிவிடுகிறாள். அறிவியல் தனக்கு வராது என்ற எண்ணம் அன்றே அவள் மனத்தில் வேரூன்றுகிறது. குற்றம் அவள் கண்ணிலும் இல்லை, அறிவிலும் இல்லை.

முதல் லென்சு தரும் பிம்பம் இரண்டாம் லென்சுக்குப் பொருளாகிறது என்று படிக்கிறோம். அதுபோலவே முதல் லென்சின் வட்ட விளிம்புக்கும் இரண்டாம் லென்சு ஒரு பிம்பம் அமைக்கிறது. தொலைநோக்கிக்குள் புகும் ஒளியை வரையறுப்பது அவ்விளிம்பே. ஆகவே ஒளி அப்பிம்பமாகிய சிறு வட்டத்தின் வழியாகவே வெளியேறும். அதனை 'வெளிப்பாவை' எனலாம். நம் கண்ணின் பாவை அங்கே பொருந்தினால்தான் முழுக் காட்சியும் கிட்டும்.

கணக்கும் கடினமன்று. பொருளருகு லென்சின் குவியத் தொலைவு 50 செ.மீ., விட்டம் 5 செ.மீ.; கண்ணருகு லென்சின் குவியத் தொலைவு 5 செ.மீ.; இடைவெளி 55 செ.மீ. என்க. லென்சுச் சமன்பாட்டின்படி வெளிப்பாவை கண்ணருகு லென்சுக்கு 5.5 செ.மீ. பின்னால் அமையும். உருப்பெருக்கம் 10, எனவே அதன் விட்டம் 5 மி.மீ. நிழலில் நின்று, கருவியைப் பகல் வானத்தை நோக்கிப் பிடித்து (கதிரவனை நோக்கி ஒருபோதும் கூடாது!), எண்ணெய் தடவிய தாளைப் பின்னால் நகர்த்தினால் அவ்வட்டம் தாளில் விழும்.

"பாடத்தில் இல்லாததற்கு நேரம் ஏது?" என்பார் உண்டு. நேரம் குறைவு என்பது உண்மையே. ஆனால் இதற்கு ஒரு பாடவேளை போதும். இருவருக்கு இரண்டு லென்சும் ஓர் அட்டைக் குழலும் போதும். பார்க்கக் கற்றுக்கொடுக்காமல், பார்க்கவில்லை என்று ஒருத்தியைக் குறை கூறுவது நியாயமாகுமா?

ஆதலால் அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் பெற்றோரும் இவ்வாய்ப்பை எங்களுக்கு அளிக்க வேண்டுகிறோம். மாணவியராகிய நாமும், தெரியவில்லை என்று நிற்கும் தோழியைக் கேலி செய்யாமல், அவள் கண் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டுவோமாக!