எடையைச் சொல்லிக் கேளுங்கள்



நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி மட்டும் எப்போதும் சுற்றி வளைத்தே வருகிறது. "நான் கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன்", "ஆள் சற்று வாட்டசாட்டம்" என்று தொடங்கி, முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த மவுண்டன் பைக் தன்னைத் தாங்குமா என்று கேட்டு முடிகிறது. எத்தனை கிலோ என்பது மட்டும் கடைசி வரை வராது. பதில் தொடங்குவதே அந்த எண்ணிலிருந்துதான். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. சட்டைக்கு அளவு கொடுப்பதுபோலத்தான்.

110 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஹெல்மெட், ஷூ, தண்ணீர், முதுகுப்பை எல்லாம் சேர்த்து 5 கிலோ. சைக்கிள் 16 கிலோ. ஆக மொத்தம் 131. ட்ரெக் நிறுவனம் தன் மவுண்டன் பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆள், சைக்கிள், சுமை மூன்றும் சேர்த்து 136 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. நம்மவருக்கு மிஞ்சுவது 5 கிலோதான். வேறு சில நிறுவனங்கள் ஆளின் எடையை மட்டும் சொல்லும். எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சக்கரத்துக்கும் சீட் போஸ்ட்டுக்கும் தனி வரம்பு இருந்தால், இருப்பதிலேயே குறைந்த எண்தான் உங்கள் கணக்கு.

அடுத்தது பின்பக்க ஷாக். காற்று அடைத்த ஷாக் என்றால், ஆள் ஏறி உட்கார்ந்ததும் அது எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் முக்கியம். இதை 'சேக்' என்பார்கள். ஷாக்கின் தண்டில் ஒரு சிறு ரப்பர் வளையம் இருக்கும். பூட்டும் லீவரைத் திறந்துவிட்டு, முழுச் சுமையோடு ஏறி, சுவரைப் பிடித்தபடி உட்காருங்கள். வளையத்தை சீல் வரை தள்ளிவிட்டு, குதிக்காமல் மெல்ல இறங்குங்கள். ஷாக்கின் ஸ்ட்ரோக் 50 மி.மீ. என்றால் வளையம் சுமார் 15 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும், அதாவது 30 சதவீதம். அதற்கு மேல் போனால் காற்று போதவில்லை. ஆனால் இஷ்டத்துக்கு அடித்துக்கொண்டே போக முடியாது. ஷாக்கின் மாடலைப் பொறுத்து, பெரும்பாலும் 300 முதல் 350 பி.எஸ்.ஐ.க்குள் உச்ச வரம்பு இருக்கும். வாங்குவதற்கு முன்பே, உங்கள் எடைக்குத் தேவையான காற்று அந்த வரம்புக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இங்கே ஒரு சின்ன வகுத்தல் கைகொடுக்கும். பின்சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரத்தை ஷாக்கின் ஸ்ட்ரோக்கால் வகுங்கள். 140 மி.மீ. பயணத்துக்கு 50 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் 2.8, அதே பயணத்துக்கு 55 மி.மீ. என்றால் ஏறத்தாழ 2.5. எண் சிறியதாக இருந்தால் ஷாக்கின் மேல் விழும் பாரம் குறையும், குறைந்த காற்றே போதும். எடை கூடியவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது. காற்று கூடினால் ஷாக் துள்ளித் திரும்பும் வேகமும் கூடும். ரீபவுண்ட் திருகைச் சில கிளிக் மெதுவாக்கினால் அது அடங்கும். காயில் ஸ்பிரிங் ஷாக்கில் இந்த அழுத்த வரம்பு கிடையாது. எடைக்கேற்ற ஸ்பிரிங்கை வாங்கி மாட்டினால் போதும். ஆனால் ஓட்டி ஓட்டி எடை இறங்கினால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டிவரும். காற்று ஷாக் என்றால் பம்பை எடுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

பிரேக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே இறக்கத்தில் ஒரே வேகத்தில் இறங்கினாலும், மொத்தம் 90 கிலோ இறங்குவதைவிட 131 கிலோ இறங்கும்போது பிரேக் விழுங்க வேண்டிய சூடு 40 சதவீதத்துக்கும் மேல் அதிகம். நான்கு பிஸ்டன் காலிப்பர், முன்பக்கம் 200 அல்லது 203 மி.மீ. டிஸ்க், உலோகப் பேடுகள் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அந்த அளவு டிஸ்க்கை முன் ஃபோர்க் ஏற்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரத்தின் பெரும்பங்கு பின்சக்கரத்தில்தான் இறங்குகிறது. அதனால் பின்னால் 32 ஸ்போக்ஸ் இருப்பது நல்லது, 28 வேண்டாம். புதுச் சக்கரத்தில் கம்பிகள் முதல் சில சவாரிகளிலேயே கொஞ்சம் தளரும். அப்போதே கடைக்குக் கொண்டுபோய் இறுக்கி, பெண்டு எடுத்துவிட்டால் பிறகு கம்பி அறுந்து நடுக்காட்டில் நிற்க வேண்டியதில்லை. டயர் 2.4 அங்குலத்துக்குக் குறையாமல், தடித்த பக்கச் சுவரோடு இருக்கட்டும்.

பட்ஜெட் இடித்தால் மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு வார்த்தை. மலிவு விலையில் பின்னாலும் ஒரு ஸ்பிரிங்கை வைத்து விற்கும் சைக்கிள்கள் பலவற்றில், துள்ளலை அடக்கும் டேம்ப்பரே இருக்காது. அதே காசுக்கு முன்பக்கம் மட்டும் நல்ல ஃபோர்க் போட்ட சைக்கிள் உங்களை இன்னும் நன்றாகச் சுமக்கும். தார்ச் சாலையும் மண் பாதையும்தான் உங்கள் வழி என்றால், பின் ஷாக்கே தேவையில்லை.

கடையில் "எல்லாம் தாங்கும் சார்" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே வரம்பை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். அடுத்த கடிதத்தில் உங்கள் எடை, நீங்கள் ஓட்டும் பாதை, கையில் உள்ள தொகை மூன்றையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். மாடல் பெயரோடு பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்