கரும்புக்காட்டில் யார் உயிர் மலிவு?

2025 நவம்பரில் நம் புனே மாவட்டம் ஷிரூர் வட்டத்தில் 13 வயதுச் சிறுவனைச் சிறுத்தை கொன்றது. மக்கள் கொதித்தெழுந்து புனே–நாசிக் நெடுஞ்சாலையை மறித்தனர். சுட அனுமதி வந்தது.

தம் நிலத்தில் நுழைந்த விலங்கைச் சுடும் உரிமையைத் தமக்கே தரச் சொல்கிறார் நிலக்காரர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டித் தலைமை வனவிலங்குக் காப்பாளரைக் கேள் என்கிறது அரசு.

இந்த வழக்கில் கரும்பு வெட்டும் கூலியாள் எங்கே? அவனுக்கு நிலமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. கதவில்லாத வயலோரக் குடிசையில் பிள்ளைகுட்டிகளோடு படுக்கிறான். ஒரு சிறுத்தையைச் சுட்டால், அடர்ந்த கரும்புக்குள் இன்னொன்று குடியேறும். குடிசைக்குக் கதவு முளைக்காது!

கரும்பில் லாபம் காணும் ஆலைகள் கதவுள்ள வீடும், விளக்கும், கழிப்பிடமும் தரட்டும்! மராட்டியக் கூலியாளின் இக்கோரிக்கை நம்முடையதும்தான். நாமும் குடிசையில் படுத்தவர்களல்லவா?