ரீல்ஸுக்கு ஏ.டி. டயர் சரி, கரிசலுக்கு?

நேரா விஷயத்துக்கு வர்றேன். தார், ஜிம்னி, கூர்க்கா வாங்கின கையோட ஏ.டி. டயர் மாட்டியே ஆகணும்னு ஒரு நம்பிக்கை நம்ம பசங்ககிட்ட இருக்கு. வண்டி வாங்காதவங்ககூட வீட்ல நிக்கிற பொலீரோவுக்கு "டயரை மட்டும் மாத்துவோம்பா" என்று கேட்கிறார்கள். என் கருத்து இதுதான்: விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கம் ஓடுகிற பெரும்பாலான வண்டிகளுக்கு ஏ.டி. டயர் தேவையில்லை. தேவைப்படுகிற சிலருக்கும், அவர்கள் நினைக்கிற காரணத்துக்காகத் தேவையில்லை.

முதல்ல மூணு வகையைப் பிரிச்சுக்குவோம். ஹெச்.டி. என்பது ஹைவே டயர். சின்னச் சின்னப் பள்ளம், நெருக்கமான ரப்பர். எம்.டி. என்பது சேற்று டயர். பெரிய கட்டைகள், நடுவே விரல் போகிற அளவுக்கு இடைவெளி. ஏ.டி. இது ரெண்டுக்கும் நடுவுல. ஜிம்னிக்குக் கம்பெனி கொடுப்பது 195/80 ஆர்15 அளவில் ஹைவே டயர். 2020-ல் வந்த தாரின் எல்.எக்ஸ். மாடலுக்கு 255/65 ஆர்18 அளவில் ஏ.டி. டயரையே போட்டுக் கொடுத்தார்கள். அதைக் கழற்றிவிட்டு இன்னொரு ஏ.டி. மாட்டுவதற்கு, சைடுல இருக்கிற வெள்ளை எழுத்தைத் தவிர என்ன காரணம்னு நீங்களே யோசிங்க.

இப்ப நம்ம மண்ணுக்கு வருவோம். கரிசல் காய்ந்திருக்கும்போது பாளம் பாளமாக வெடித்து, சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். அதில் சாதா டயரே ஓடும். ஐப்பசி மழை விழுந்தால் கதை வேறு. கரிசலில் இருக்கிற மான்ட்மோரில்லனைட் களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும். செருப்பில் ஒட்டுகிற மாதிரி டயரிலும் ஒட்டும். ஏ.டி. டயரின் இடைவெளி அந்தச் சேற்றை உதறித் தள்ளுகிற அளவுக்குப் பெரிசு இல்லை. நாலு சுற்றில் பள்ளமெல்லாம் அடைத்துக்கொள்ளும். அப்புறம் உங்க ஏ.டி. டயரும் வழுக்கை டயரும் ஒண்ணுதான். டிராக்டரின் பின் டயரைப் பாருங்க: 'வி' வடிவக் கட்டை, நடுவே அகலமான வழி. சுற்றச் சுற்றச் சேறு வெளியே தள்ளப்படும். கரிசல் சேற்றுக்கு ஏத்த டிசைன் அது. அப்படியிருந்தும் விவரமான சம்சாரி டிராக்டரை மழை விட்ட உடனே இறக்க மாட்டார். ஈரம் கொஞ்சம் இறங்கட்டும்னு காத்திருப்பார்.

அப்போ ஏ.டி. டயர் எதுக்குத்தான் ஆகும்? ரெண்டு இடத்துல அது நிஜமாகவே உதவும். ஒண்ணு, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத் தோட்டப் பாதைகள். அங்கே பிரச்சினை சேறு இல்லை, சரளையும் கூர்க்கல்லும். ரெண்டாவது, சீமைக் கருவேல முள். கண்மாய்க்குள்ளும் ஓடைக்கரையிலும் போகிற வண்டிக்கு இதுதான் முதல் எதிரி. தடிமனான ரப்பரும் கூடுதல் அடுக்குள்ள பக்கச்சுவரும் இருக்கிற ஏ.டி. டயர் இங்கே காசுக்கு மதிப்பு தரும். தினமும் தோட்டத்துக்குப் போய் வருகிற வீடாக இருந்தால் தாராளமா வாங்கலாம். வாங்கும்போது பூ டிசைனைப் பார்க்காதீங்க, பக்கச்சுவர் அமைப்பைக் கேளுங்க. லோடு இன்டெக்ஸ் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. 110 என்று போட்டிருந்தால் ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும் என்று அர்த்தம். தேதிக் குறியீட்டின் கடைசி நாலு எண் 2324 என்றால், 2024-ஆம் வருஷம் 23-வது வாரம் தயாரானது.

சரி, தேவையில்லாமல் மாட்டினால் என்ன நஷ்டம்? டயரின் எடை கூடும், மைலேஜ் குறையும், நாற்பது தாண்டினாலே ஒரு இரைச்சல் கேட்கும். இதெல்லாம் உங்க காசு, உங்க காது. ஆனா ஈரமான தார்ரோட்டில் பிரேக் பிடித்தால், நல்ல ஹைவே டயரைவிட ஏ.டி. டயர் பொதுவாக நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். நம்ம வண்டிகள் பெரும்பாலான நேரம் ஓடுவது மதுரை–திருநெல்வேலி நால்வழிச் சாலையிலும் சிவகாசி, சாத்தூர் ரோட்டிலும்தான். அங்கே குறுக்கே வருவது டி.வி.எஸ். எக்ஸெல்லில் குடும்பத்தோடு போகிறவர். அந்தக் கூடுதல் தூரத்துக்கு அவரும் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

சைஸ் ஏத்துறவங்களுக்கு ஒரு கணக்கு. 255/65 ஆர்18-ன் விட்டம் 788.7 மி.மீ. அதுக்குப் பதில் 275/65 ஆர்18 போட்டால் 814.7 மி.மீ., அதாவது 3.3 சதவீதம் அதிகம். மீட்டர் 80 காட்டும்போது நீங்க கிட்டத்தட்ட 83-ல் போய்க்கிட்டு இருப்பீங்க. விட்டம் கூடியதால் அதே டார்க்குக்கு இழுவையும் குறையும், பிரேக்கும் கூட உழைக்கணும். முதல் வருஷ மெக்கானிக்ஸ் படிச்சாலே போதும், இது புரியும்.

கண்மாய்க் கரையில் வண்டி ஏத்தி ரீல்ஸ் எடுக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கரையில் விழுகிற டயர் தடம் மழையில் ஓடையாகும், ஓடை உடைப்பாகும். உங்க ஐம்பது செகண்ட் வீடியோவுக்கு ஒரு ஊரோட நெல்லு பதில் சொல்லக் கூடாது. மலைப்பக்கம் 2021-லேயே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆயிடுச்சு. அங்கே 'ஆஃப்-ரோடு' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த மாவட்டத்தில் நிஜமான ஆஃப்-ரோடு வண்டி எதுன்னு கேட்டால், நான் தாரைச் சொல்ல மாட்டேன். பட்டாசு ஆலைகள் பாதுகாப்பு காரணமாக ஊரைவிட்டுத் தள்ளி, கரிசல் காட்டுக்குள் இருக்கின்றன. விடியுமுன் வெம்பக்கோட்டை, தாயில்பட்டி பக்கம் ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்த மண் பாதைகளில் போகிற வேன்களும் லோடு ஆட்டோக்களும்தான் நிஜ ஆஃப்-ரோடு. நம்மில் பலரின் அம்மா, சித்தி, அத்தை அதில்தான் போகிறார்கள். அவசரம்னா ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அதே பாதையில்தான் உள்ளே வரணும். அந்த மண் பாதை மழையில் தாங்குமா, அந்த வேனின் டயரில் பூ இருக்கா என்று எத்தனை பேர் பார்த்திருக்கோம்?

மோட்டார் வாகன விதிப்படி கார், வேன் டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அதைக் காட்டவே பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் வைத்திருக்கிறார்கள். ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயர் முடிந்தது. மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் பசங்களே, ஒரு டெப்த் கேஜ் எடுத்துக்கிட்டு இந்த வாரம் உங்க தெருவுக்கு வருகிற வேனில் ஆரம்பிங்க. டிரைவர் அண்ணன்கிட்ட மரியாதையாக் கேட்டுட்டு நாலு டயரையும் அளந்து சொல்லுங்க. உங்க தாருக்கு என்ன டயர் போடலாம்னு அதுக்கப்புறம் பேசலாம்.