கடை வாசல் பேருந்து நிறுத்தத்திலேயே தொடங்குகிறது



எந்த வணிகர் சங்கக் கூட்டத்திலும் போக்குவரத்து பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கோரிக்கைகள்தான் முதலில் வரும். கடைவீதியில் கார், ஸ்கூட்டர் நிறுத்த இடம் வேண்டும் என்பது ஒன்று. சரக்கு லாரி உள்ளே வந்து இறக்கிச் செல்ல அனுமதி வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமானவையே. ஆனால், ‘எங்கள் தெருமுனை வழியாகப் போகும் பேருந்து இரவு பத்து மணிக்கும் வரவேண்டும்’ என்று மனு எழுதி, அதற்காக அதிகாரிகளைப் போய்ப் பார்த்த சங்கங்கள் எத்தனை? சென்னை மாநகரில் சிறு வணிகம் நிலைக்க வேண்டுமானால் நமது கோரிக்கைப் பட்டியலில் பேருந்தும் மின்ரயிலும் மெட்ரோவும் முதலிடத்திற்கு வந்தாக வேண்டும் என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன், சீர்தூக்கிப் பாருங்கள்.

யார் எதில் வருகிறார்கள்?

நம் கடையைச் சுற்றி மூன்று பேர் நடமாடுகிறார்கள்: வாங்க வருகிற வாடிக்கையாளர், எடைபோட்டுப் பொட்டலம் கட்டுகிற ஊழியர், கொள்முதலுக்குப் போகிற முதலாளி. தெருவில் உள்ள மளிகைக் கடைக்கு வாடிக்கையாளர் நடந்து வருவார். ஆனால் துணி, பாத்திரம், பண்டிகைச் சாமான் வாங்க அவர் தியாகராய நகருக்கோ வண்ணாரப்பேட்டைக்கோ புரசைவாக்கத்திற்கோ புறப்பட்டால், நடுத்தரக் குடும்பத்துக்கும் ஏழைக் குடும்பத்துக்கும் பேருந்தும் ரயிலும்தான் கைகொடுக்கின்றன. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வீட்டுச் சாமான் வாங்கும் முடிவு பெரும்பாலும் பெண்கள் கையில்தான் என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? போக்குவரத்துச் செலவில் மிஞ்சுகிற பத்து இருபது ரூபாய் ஏதோ ஒரு கடையின் கல்லாவுக்குத்தான் வந்து சேரும். அது நம் கல்லாவாக இருக்க வேண்டுமானால் அந்தப் பேருந்து நம் வீதியில் நிற்க வேண்டும்.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு காரின் நீளம் ஏறத்தாழ 13 அடி. நம்மில் பலருடைய கடையின் முகப்பு 10 அடி. ஒரு கார் வந்து நின்றால் நம் கடை வாசல் முழுவதும் அடைபட்டுவிடும். அதில் வந்தவர் இருவர் அல்லது மூவர். அவர்களும் எதிர்க்கடைக்கு வந்தவர்களாக இருக்கலாம். ஒரு நகரப் பேருந்து சுமார் மூன்று கார்களின் இடத்தில் ஒரு நிமிடம் நின்று, ஐம்பது பேரைச் சுமந்து செல்கிறது. அவர்களில் பத்துப் பேர் இறங்கினாலும் பத்துப் பேரும் நம் வாசல் வழியாக நடந்துதான் போகவேண்டும். போகிற போக்கில் கண்ணில் படுகிற சரக்கை வாங்குகிறவர்கள் நடந்து போகிறவர்களே. வண்டி நிறுத்த இடம் கேட்பதில் தவறில்லை, ஆனால் அதை மட்டுமே கேட்பது நமக்கு லாபமான பேரம் அல்ல.

முதலில் வழி, பிறகு சந்தை

சென்னையின் கடைவீதிகள் எப்படி வளர்ந்தன என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. அந்தப் பாதையில் மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று நிலையத்தை ஒட்டியே கடைவீதிகள் தழைத்தன. மாம்பலம் நிலையத்தை விட்டு இறங்கினால் கால் படுவது ரங்கநாதன் தெருவில். அந்தத் தெருவின் வியாபாரத்தை ரயில்தான் வளர்த்தது என்றால் மிகையில்லை.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் நமக்கு உண்டு. ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடியில் நடந்துவந்த காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. நெரிசல் கருதி எடுத்த முடிவு அது. ஆனால் பாரிமுனைப் பேருந்து நிலையத்திலிருந்தும் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்தும் நடந்து போகிற தூரத்தில் இருந்த சந்தை, சுமார் பத்து கிலோமீட்டர் மேற்கே போனது. வெளியூர்ப் பேருந்து நிலையம் கோயம்பேட்டுக்கு வந்தது 2002-ல். மெட்ரோ ரயில் வந்தது 2015-ல். சந்தை போய்ப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத்தான் ரயில் அதை எட்டிப் பிடித்தது. லாரி வைத்துக் கொள்முதல் செய்தவருக்கு இதனால் பெரிய பாதகமில்லை. தலையில் இரண்டு கூடை சுமந்து பேருந்தில் ஏறிய சிறு வியாபாரிதான் ஆட்டோவுக்கும் குட்டி யானைக்கும் வாடகை கொடுத்துத் தன் லாபத்தைக் கரைத்தார்.

அதே வரிசைப் பிழை மறுபடியும் நடந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறின. தாம்பரம் - செங்கல்பட்டு ரயில் பாதை அருகிலேயே செல்கிறது. ஆனால் முனையம் திறந்த அன்று அதற்கென ஒரு ரயில் நிலையம் இல்லை. வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்திற்கோ போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் சரக்கெடுக்க வருகிற வெளியூர் வியாபாரி விடியற்காலையில் அங்கே இறங்கி, முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பாரிமுனைக்கு வரவேண்டும். அவருக்கு வழி சுலபமாக இல்லாவிட்டால் தொலைபேசியிலேயே சரக்குக்குச் சொல்லிவிடுவார், அல்லது வேறு ஊரில் வாங்கிக்கொள்வார். ஆண்டர்சன் தெருக் காகித வியாபாரியும் கோடவுன் தெரு ஜவுளி வியாபாரியும் இதைச் சிந்திக்க வேண்டும். நேரில் வந்து சரக்கைத் தொட்டுப் பார்க்கிறவர், வாங்க நினைத்ததைவிடக் கூடுதலாகவே வாங்கிப் போவார்.

ஆகவே சந்தையையோ பேருந்து நிலையத்தையோ மாற்றும் பேச்சு எழும்போது, ‘எங்களுக்கு எத்தனை கடை ஒதுக்குவீர்கள்?’ என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. ‘முதல் நாள் காலையில் அங்கே எந்த ரயில், எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு வரும்?’ என்று எழுத்துமூலமாகக் கேட்க வேண்டும்.

மூன்று துறைகள், ஒரே பயணி

இந்நகரில் பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் கையில், புறநகர் ரயிலும் பறக்கும் ரயிலும் தெற்கு ரயில்வேயின் கையில், மெட்ரோ தனி நிறுவனத்தின் கையில் என்று வளர்ந்தன. ஒருவர் வேளச்சேரியிலிருந்து வண்ணாரப்பேட்டைக்குத் துணி எடுக்கப் போவதானால், எந்தத் துறையின் வண்டியில் போகிறோம் என்ற கவலை அவருக்கு இல்லை. எத்தனை முறை மாறவேண்டும், எத்தனை படி ஏறவேண்டும், பையோடு எவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்பதே கவலை.

இவற்றை ஒருங்கிணைக்க 2010-லேயே சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அமைந்ததுதான் கும்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். 2025 செப்டம்பரில் பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ ஆகியவற்றுக்குக் கைபேசியிலேயே ஒரே சீட்டு எடுக்கும் ‘சென்னை ஒன்’ செயலி வந்தது. வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆனால் சீட்டு ஒன்றானால் மட்டும் பயணம் ஒன்றாகிவிடாது. நிலையங்களுக்கு இடையே நடக்க நல்ல வழி வேண்டும். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதத்தில் 570 மீட்டர் நீளத்தில் ஆகாய நடைபாதை திறந்தார்கள். பெரியவர்களும் குழந்தைகளும் நெரிசலில் மிதிபடாமல் பேருந்திலிருந்து ரயிலுக்குப் போக முடிகிறது. அதுபோன்ற இணைப்பு மற்ற கடைவீதிகளுக்கும் தேவை.

இணைப்பு அறுந்தால் என்னவாகும் என்பதையும் பார்த்தோம். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்டு இறுதியில் கடற்கரை - சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. மீண்டும் ஓடியது 2024 அக்டோபர் இறுதியில். பதினான்கு மாதங்கள் மயிலாப்பூர், திருவான்மியூர்ப் பகுதி மக்கள் பாரிமுனைக்கு நேர் ரயில் இல்லாமல் இருந்தார்கள். பணி அவசியமானதுதான். ஆனால் அத்தனை மாதங்களும் கடைவீதிக்கு மாற்றுப் பேருந்து போதிய அளவில் வருகிறதா என்று கேட்டு வாங்குவது வணிகர்களின் வேலையல்லவா? இப்போது 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதை புரசைவாக்கம், மயிலாப்பூர், ஆற்காடு சாலை என்று பல கடைவீதிகளைத் தொட்டுச் செல்கிறது. வேலி போட்ட இடங்களில் நிறுத்தம் எங்கே தள்ளிப்போகிறது, நடைவழி எத்தனை அடி மிஞ்சுகிறது என்பதையும் பார்த்துக் கேட்க வேண்டும்.

நேரமும் சுமையும்

நம் தொழிலின் கடிகாரம் அலுவலகக் கடிகாரம் அல்ல. கோயம்பேட்டில் வியாபாரம் விடியுமுன்பே சூடுபிடிக்கிறது. மெட்ரோவோ காலை 5 மணிக்குத்தான் ஓடத் தொடங்குகிறது. கடை சாத்திக் கணக்கு முடித்து ஊழியர் வெளியே வரும்போது இரவு பத்து, பத்தரை ஆகிவிடுகிறது. அந்நேரத்தில் பேருந்து அரைமணிக்கு ஒன்று என்றால், நம் கடையில் வேலை செய்யும் பெண் எத்தனை மணிக்கு வீடு சேர்வார்? வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எல்லோரும் குறைப்படுகிறோம். ஆள் இருக்கிறார், பேருந்து இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

சுமை விஷயமும் அப்படியே. புறநகர் மின்ரயிலில் வியாபாரிகளுக்கென்று பெட்டி உண்டு. மும்பையில் மின்ரயிலின் சுமைப் பெட்டியை நம்பித்தான் சாப்பாட்டுக் கூடைக்காரர்கள் தொழிலே நடத்துகிறார்கள். இங்கே அந்தப் பெட்டியும் நெரிசல் நேரத்தில் மற்றப் பயணிகளால் நிரம்பிவிடுகிறது. பேருந்திலோ நடத்துனர் மனம் வைத்தால் மூட்டை ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். எவ்வளவு எடைக்கு எவ்வளவு கட்டணம் என்பதைப் பேருந்துக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டால் சச்சரவுக்கு இடமில்லை. கட்டணம் கொடுக்க நாம் தயார். கெஞ்ச வேண்டிய நிலைதான் கூடாது.

நம் பங்கு

கேட்பதோடு கொடுக்கவும் வேண்டும். சில கடைவீதிகளில் பேருந்து நிறுத்தத்தின் நிழற்குடைக்குள்ளேயே கடைச் சரக்கு அடுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம். நடைபாதையில் அரிசி மூட்டையும் விளம்பரப் பலகையும் நின்றால், பேருந்துக்குக் காத்திருப்பவர் சாலையில் இறங்கி நிற்பார். பேருந்து நடுச்சாலையில் நிற்கும். பின்னால் எல்லா வண்டியும் நிற்கும். ‘இந்த வீதியில் பேருந்து விடுவது தொல்லை’ என்று அதிகாரிகள் தடத்தை மாற்றினால் நட்டம் நமக்கே. மூன்றடி நடைபாதையைப் பிடித்துக்கொண்டு முந்நூறு வாடிக்கையாளரை இழப்பது வியாபாரக் கணக்கு ஆகாது. அந்தந்த வீதிச் சங்கமே நிறுத்தத்தின் இருபுறமும் இடத்தைக் காலியாக வைத்துக்கொள்ளப் பொறுப்பேற்கலாம். நிழற்குடையில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் திரட்டி நம் சங்கங்கள் செய்யக்கூடியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்:

1. ஒவ்வொரு கடைவீதிச் சங்கமும் தன் வீதிக்கு வரும் பேருந்துத் தடங்களையும், முதல் வண்டி, கடைசி வண்டி நேரங்களையும் ஒரு வாரம் நேரில் கவனித்து எழுதிவைக்க வேண்டும். எழுத்தில் உள்ள புகாருக்குத்தான் மதிப்பு.

2. இரவு 9 முதல் 11 வரை கடைவீதிகளிலிருந்தும், விடியற்காலை 3 முதல் 5 வரை கோயம்பேட்டை நோக்கியும் கூடுதல் பேருந்து கேட்க வேண்டும்.

3. மின்ரயிலில் வியாபாரிகள் பெட்டியை வியாபாரிகளுக்கே காத்துத் தரவும், பேருந்தில் சுமைக் கட்டணத்தை எழுதி ஒட்டவும் கேட்க வேண்டும்.

4. நிறுத்தம், தடம், முனையம் எதை மாற்றினாலும் முன்கூட்டியே வணிகர் சங்கங்களைக் கலந்து பேசும்படி கும்டாவிடம் கோர வேண்டும்.

5. இதற்கு ஈடாக, நிறுத்தங்களையும் நிலைய வாசல்களையும் அடைக்காமல் வைத்திருப்போம் என்று சங்கமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 2022-ல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. நகரம் இப்படி விரிய விரிய, வீட்டுக்கும் கடைவீதிக்கும் இடையே தூரம் கூடும். தூரம் கூடினால் வீட்டு வாசலுக்கே பொருள் கொண்டுவரும் பெரிய நிறுவனங்களுக்குக் கொண்டாட்டம். வாடிக்கையாளர் புறப்பட்டு வரும் வழி எளிதாக இருந்தால்தான் நம் கடை நிற்கும். அடுத்த செயற்குழுவில் வண்டி நிறுத்துமிடம் பற்றிய தீர்மானத்தை எழுதும்போது, அதற்கு மேலே பேருந்து பற்றி ஒரு தீர்மானமும் எழுதுங்கள்.