அரை நாள் பள்ளி, முழு நாள் கட்டணம்

தில்லியின் ஓக்லா, பெங்களூருவின் பீன்யா, பஞ்சாபின் லூதியானா என எந்தத் தொழில் மையத்தை ஒட்டிய குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும், வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் குழந்தைகள் பகல் முழுவதும் யாரிடம் இருக்கிறார்கள் என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை ஏறத்தாழ ஒன்றுதான். பாட்டி ஊரில் இருக்கிறார். மூத்த மகள் பள்ளிக்குச் செல்ல வேண்டும். எனவே, மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு நான்கைந்து குழந்தைகளைத் தம் ஒற்றை அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டுப் பெண்ணிடம் குழந்தை ஒப்படைக்கப்படுகிறது.

குழந்தைக்கு மூன்று வயது நிறைந்து, அங்கன்வாடிக்கோ அருகிலுள்ள நர்சரிப் பள்ளிக்கோ செல்லத் தொடங்கும்போது சச்சரவு பிறக்கிறது. ஓர் எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரப் பராமரிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் பேசப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். குழந்தை இப்போது நான்கு மணி நேரம் அங்கன்வாடியில் இருக்கிறது. எஞ்சிய ஐந்து மணி நேரத்திற்குக் கணக்கிட்டால் 1,100 ரூபாய் அளவில்தான் வரும் என்கிறார் தாய். முழுத் தொகையையும் தர வேண்டும் என்கிறார் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்.

இருவர் கூற்றிலும் நியாயம் இருக்கிறது. ஆயத்த ஆடை ஆலையில் குறைந்தபட்சக் கூலிக்கு உழைக்கும் தாய்க்கு 900 ரூபாய் சிறு தொகையன்று. ஒரு மாதப் பால் செலவு அதில் அடங்கிவிடும். பார்த்துக்கொள்ளும் பெண்ணின் நிலையோ வேறு. காலையில் குழந்தையை அங்கன்வாடியில் விடுவதும் நண்பகலில் அழைத்துவருவதும் அவரே. இடைப்பட்ட நான்கு மணி நேரத்திற்கு மட்டும் வேறொரு குழந்தையைச் சேர்த்துக்கொள்ள அவரால் இயலாது. அங்கன்வாடிக்கு விடுமுறை என்றாலும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், அந்நாள் முழுவதும் குழந்தை அவரிடமே இருக்கும். அறை வாடகையும் அடுப்புச் செலவும் மணிக்கணக்கில் குறைவதில்லை. அவர் பெறுவது மணிக்கூலியன்று. ஓர் இடத்தை ஒரு குழந்தைக்கென்று ஒதுக்கி வைத்திருப்பதற்கான தொகை.

வசதி படைத்தோரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இயங்கும் டே கேர் நிலையங்களில் அரை நாளுக்கு ஒரு கட்டணம், முழு நாளுக்கு ஒரு கட்டணம் என எழுத்து வடிவில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஏழைகளின் குடியிருப்பில் எதுவும் எழுதப்படுவதில்லை. பேச்சு முறிந்தால் தாய் வேலையை விடுகிறார். அல்லது பத்து வயது மூத்த மகளின் படிப்பு நிறுத்தப்பட்டு, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவள் தலையில் ஏற்றப்படுகிறது. 900 ரூபாய்க்கான சச்சரவு ஒரு சிறுமியின் கல்வியைப் பலிகொண்டு முடிகிறது.

உழைக்கும் இரு பெண்கள் ஒருவர்மீது ஒருவர் குறைபட்டுக்கொள்ளும் இந்த நிலையில், முதன்மைப் பொறுப்பாளியான அரசு காட்சியிலேயே இல்லை. நான்கு மணி நேரப் பள்ளிக்கும் ஒன்பது மணி நேர வேலைக்கும் இடையிலுள்ள இடைவெளியை உருவாக்கியவர்கள் அவ்விரு பெண்களும் அல்லர்.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. உலகிலேயே இத்தகைய மிகப்பெரும் அமைப்புகளுள் இதுவும் ஒன்று. ஆயினும் பெரும்பாலான மாநிலங்களில் நான்கு முதல் ஆறு மணி நேரமே அங்கன்வாடி இயங்குகிறது. மூன்று வயது நிறையாத குழந்தைக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவு உண்டு. பகலில் தங்குவதற்கு இடமில்லை.

உழைக்கும் தாய்மார்களின் குழந்தைகளுக்கென 2006இல் தொடங்கிய தேசியக் காப்பகத் திட்டத்தின் கீழ் ஒரு காலத்தில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்பகங்கள் இயங்கின. அங்கு வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம் செலுத்த வேண்டியது மாதம் 20 ரூபாய். 2017இல் செலவில் ஒரு பங்கை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று ஒன்றிய அரசு விதித்ததைத் தொடர்ந்து பல்லாயிரம் காப்பகங்கள் மூடப்பட்டன. 2022இல் இத்திட்டத்திற்குப் ‘பால்னா’ எனப் பெயர் சூட்டப்பட்டு, 17 ஆயிரம் அங்கன்வாடிகளைக் காப்பகத்துடன் இணைந்தவையாக மாற்றுவது இலக்கென அறிவிக்கப்பட்டது. இலக்கு முழுமையாக நிறைவேறினாலும், நூறு அங்கன்வாடிகளில் ஒன்றுக்குச் சற்று மேல் என்பதே அதன் அளவு.

சட்டங்களுக்கும் குறைவில்லை. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம், 50 பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்கு அக்கடமையை விதித்தது. ஆனால் காப்பகம் கட்டணமின்றி நடத்தப்பட வேண்டும் என்று அத்திருத்தம் கூறவில்லை. வீட்டு வேலை செய்வோர், நடைபாதை வணிகர், வீட்டிலிருந்தே பீடி சுற்றுவோர், சிறு பட்டறைத் தொழிலாளர் ஆகியோரை இவ்விதிகள் தொடுவதே இல்லை. இந்தியப் பெண் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையினர் இத்தகைய முறைசாராப் பணிகளிலேயே இருக்கின்றனர்.

அங்கன்வாடியை நாள் முழுவதும் திறந்து வைத்தால் போதாதா என்று சிலர் எளிதாகக் கேட்கின்றனர். அதற்கான உழைப்பை யார் தருவது? 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் அங்கன்வாடி ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்து வழங்குவதால்தான் பல இடங்களில் அவர்கள் ஓரளவேனும் தாக்குப்பிடிக்கின்றனர். அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும், அவர்களைத் தொழிலாளர்களாக ஏற்க ஒன்றிய ஆட்சியாளர்கள் மறுக்கின்றனர். ஊதியத்தை உயர்த்தாமல் வேலை நேரத்தை மட்டும் நீட்டிப்பது, ஒரு பெண்ணின் சுமையை இறக்கி மற்றொரு பெண்ணின் தோளில் ஏற்றுவதாகவே முடியும். காப்பகத்திற்கெனத் தனி ஊழியரும் உதவியாளரும் முறையான ஊதியத்துடன் நியமிக்கப்பட வேண்டும்.

குழந்தை வளர்ப்பு பெண்ணின் இயல்பான கடமை என்ற ஆணாதிக்கக் கருத்து இக்கஞ்சத்தனத்திற்குத் துணை நிற்கிறது. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடங்களைச் செலவிடுகிறார். ஆண் 88 நிமிடங்களை. இலவசமாகக் கிடைக்கும் உழைப்புக்கு விலை கொடுக்க மூலதனம் என்றும் முன்வந்ததில்லை. பொது உணவகங்களும் குழந்தைக் காப்பகங்களும் மழலையர் பள்ளிகளும் கம்யூனிசத்தின் இளந்தளிர்கள் என்று லெனின் 1919இல் எழுதிய கட்டுரையில் குறிப்பிட்டார். வீட்டுச் சுமையிலிருந்து பெண்ணை விடுவிக்காத விடுதலை வெறும் சொல்லாகவே நிற்கும் என்ற தெளிவிலிருந்து எழுந்த கூற்று அது.

நிறைவேற வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. அனைத்து அங்கன்வாடிகளும் படிப்படியாக நாள் முழுவதும் இயங்கும் காப்பகங்களாக மாற வேண்டும். ஆறு மாதக் குழந்தை முதல் அங்கு இடம் வேண்டும். அதற்குரிய முழு நிதியையும் ஒன்றிய அரசு ஒதுக்க வேண்டும். மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவச முன்பருவக் கல்வியைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அரசின் விருப்பத்திற்கு விட்டிருக்கிறது. அது கடமையாக்கப்பட வேண்டும்.

இவை கிடைக்கும்வரை குடியிருப்புகளில் செய்ய வேண்டிய பணியும் உண்டு. தாய்மார்களையும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களையும் மாதர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் ஒரே கூட்டத்தில் அமர்த்த வேண்டும். குழந்தை அங்கன்வாடிக்குச் செல்லும் மாதங்களில் கட்டணம் எவ்வளவு, அழைத்துவரும் பொறுப்பு யாருடையது, விடுமுறை நாள்களில் என்ன செய்வது, இடத்தை ஒதுக்கி வைப்பதற்கு எவ்வளவு என்பவற்றை முன்கூட்டியே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் செய்ய வேண்டும். உணவுக்கான செலவைக் கழித்துக்கொண்டு, இடத்திற்கான தொகையைக் குறைக்காமல் விடுவது இரு தரப்பும் ஏற்கக்கூடிய ஒரு வழி.

அந்தக் கூட்டத்திலேயே அடுத்த கேள்வியும் எழுப்பப்பட வேண்டும். ஐந்து மணி நேரத்திற்கு யார் பணம் தருவது என்று அண்டை வீட்டார் இருவர் வாதிடும்போது, அந்த ஐந்து மணி நேரத்தை வழங்கக் கடமைப்பட்ட அரசு எங்கே? தாயும், பார்த்துக்கொள்ளும் பெண்ணும், அங்கன்வாடி ஊழியரும் ஒரே கோரிக்கை மனுவில் கையெழுத்திடும் நாளில் அக்கேள்வி உரிய இடத்தைச் சென்றடையும்.