கடைசி இருநூறு அடி

ஆம்புலன்ஸின் முகப்பில் அதன் பெயர் இடம் வலமாகத் திருப்பி எழுதப்பட்டிருக்கும். முன்னால் செல்லும் வண்டியின் ஓட்டுநர் தன் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. தாராவியைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டின் பயன் தொண்ணூறு அடிச் சாலையோடும் அறுபது அடிச் சாலையோடும் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் சந்துகள். எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். தலைக்கு மேல் மின்சார வயர்கள். காலுக்குக் கீழே கல் பலகை போட்டு மூடிய சாக்கடை. மாடி அறைக்குப் போவதற்குச் செங்குத்தான இரும்பு ஏணி. சைரன் ஒலி மட்டும் உள்ளே போகும். வண்டி போகாது.

வண்டிக்குள் இருக்கும் சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சரும் பெரும்பாலும் போகாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரை, பிரசவ வலியில் துடிப்பவரை, ஏணியிலிருந்து சறுக்கியவரைச் சாலைவரை கொண்டுவந்து சேர்ப்பவர்கள் அக்கம்பக்கத்து இளைஞர்கள்தான். அவர்களுடைய கருவிகள்: ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பெட்ஷீட், கைக்குக் கிடைத்த பலகை. மும்பையின் அவசர மருத்துவ சேவையில் மிக முக்கியமான கடைசி இருநூறு அடி, சம்பளமும் சீருடையும் பயிற்சியும் இல்லாத இவர்கள் பொறுப்பில் இருக்கிறது.

வண்டிகளைப் பொறுத்தவரை மாநகரம் முன்னேறாமல் இல்லை. 2005இல் மும்பையில் தொடங்கிய 1298 ஆம்புலன்ஸ் சேவை, கட்டணத்தில் ஒரு புதுமை செய்தது. நோயாளி தனியார் மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் முழுக் கட்டணம். அரசு மருத்துவமனை என்றால் சலுகை. ஏழை யார் என்று விசாரிக்க வேண்டிய வேலையே இல்லை. 2008 நவம்பர் 26 தாக்குதலின்போது முதலில் களத்துக்கு வந்த ஆம்புலன்ஸ்களில் அவையும் உண்டு. 2014 ஜனவரியில் மகாராஷ்டிர அரசின் 108 சேவை தொடங்கியது. 937 வண்டிகளுக்கான திட்டம் அது. தமிழகத்தின் 108 வண்டிகளில் பயிற்சி பெற்ற தொழில்நுட்ப உதவியாளர் வருவார் என்றால், மகாராஷ்டிரத்தில் டாக்டரே வருவார். 2017 ஆகஸ்டில் மும்பைக்கென்று 10 மோட்டார் சைக்கிள் ஆம்புலன்ஸ்கள் விடப்பட்டன. நெரிசலில் புகுந்து டாக்டரே அதை ஓட்டி வருவார். நல்ல யோசனை. ஆனால் மோட்டார் சைக்கிள் டாக்டரைத்தான் கொண்டுவரும்; நோயாளியைக் கொண்டுபோகாது. தூக்குவதற்கு மீண்டும் அதே இளைஞர்கள்.

இதில் நேரம்தான் விஷயம். இதயம் நின்றுபோனால் ஆக்சிஜன் கிடைக்காத மூளை நான்கிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் பழுதுபடத் தொடங்கும். மார்பை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்காவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நிமிடமும் 7 முதல் 10 சதவீதம்வரை குறைகிறது. எவ்வளவு வேகமான ஆம்புலன்ஸும் இந்தக் கணக்கை ஜெயிக்க முடியாது. ஜெயிக்கக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமே. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, மார்பின் நடுவில், சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்குபவர்கள்கூட இதைச் செய்யலாம். சாதாரண மக்களுக்கு அழுத்தம் மட்டுமே போதும் என்ற முறையை இந்திய மயக்கவியல் டாக்டர்களே வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும்.

பக்கத்து வீட்டுக்காரரின் மனத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்க வேண்டியதில்லை. 2006 ஜூலை 11 மாலை, 11 நிமிடங்களுக்குள் 7 புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடித்தன. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாட்டுங்கா ரோடு, மாஹிம் ரயில் நிலையங்களை ஒட்டியும் வெடித்தன. தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளில் வசித்தவர்கள் தங்கள் வீட்டு பெட்ஷீட்டுகளோடு ஓடிவந்தார்கள். காயமடைந்தவர்களை அதில் கிடத்தி, நான்கு முனைகளையும் பிடித்துத் தூக்கிப் போய், கிடைத்த டாக்சியிலும் ஆட்டோவிலும் ஏற்றினார்கள். இருப்பதே ஒன்றிரண்டு போர்வை என்ற வீடுகளிலிருந்து வந்த போர்வைகள் அவை.

ஆனால் மனம் மட்டும் போதாது என்பதும் அதே பெட்ஷீட்டில்தான் தெரிகிறது. ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு அது உயிர் காக்கும் தூளி. கழுத்தோ முதுகெலும்போ முறிந்தவரை அதே தூளியில் சுருட்டித் தூக்கினால், ஆயுள் முழுக்கக் கைகால் அசையாமல் போகலாம். இதற்காகவே இருப்பது ஸ்கூப் ஸ்ட்ரெச்சர். நீளவாக்கில் இரண்டாகப் பிரியும். நோயாளியை அசைக்காமல் இரு பக்கமிருந்தும் அடியில் செருகிப் பூட்டலாம். கழுத்துப் பட்டையோடு சேர்த்தால் ஒரு மூலையில் சாத்தி வைக்கக்கூடிய பொருள்தான். அது இருக்க வேண்டிய இடம், சாலையில் நிற்கும் வண்டி மட்டுமல்ல, சந்தின் உள்ளேயும்தான்.

தாராவியின் பிரச்னை என்று இதை மற்றவர்கள் ஒதுக்கிவிடவும் முடியாது. சயான் பக்கமாகத் தாண்டினால் மாட்டுங்கா. 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கிய பிறகு, காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கிய பகுதி. தென்னிந்தியர்கள் குடியேறிய அந்த மரங்கள் அடர்ந்த தெருக்களில் ஆம்புலன்ஸ் வாசல்வரை வரும். ஆனால் பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்விட, மூன்றாவது மாடியில் தனியே இருக்கும் எண்பது வயதுத் தம்பதிக்கு வளைந்து இறங்கும் மாடிப்படிதான் சந்து. தூக்கிப்போக தாராவியில் பத்து இளைஞர்கள் உடனே வருவார்கள். மாட்டுங்காவில் வாட்ச்மேனைத் தேட வேண்டும்.

செம்பூர்ப் பக்கம் போனால் வேறொரு பாடம். நகர மேம்பாட்டுத் திட்டங்களுக்காகக் குடிசைகளை இழந்தவர்களுக்கென்று கட்டப்பட்ட அடுக்ககங்கள், செம்பூரை அடுத்த கோவண்டியில் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைப் பற்றி டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற அமைப்பு 2018இல் ஓர் ஆய்வு நடத்தியது. கட்டடங்களுக்கு இடையே சுமார் 3 மீட்டர் இடைவெளி. கீழ்த்தளங்களில் வெயில் படுவதில்லை. காசநோய் அதிகம் என்று அந்த ஆய்வு சொன்னது. ஒரு தீயணைப்பு வண்டியின் அகலமே சுமார் இரண்டரை மீட்டர். நடுவில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றால் போதும். குடிசைச் சந்து அப்படியே நிமிர்ந்து அடுக்குமாடியாகிவிட்டது.

தன்னார்வப் படைகள் மும்பைக்குப் புதியவை அல்ல. ஊர்க்காவல் படை என்ற ஹோம் கார்ட்ஸ் 1946 டிசம்பரில் பிறந்ததே இந்த நகரத்தில்தான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1944 ஏப்ரல் 14 அன்று, விக்டோரியா கப்பல் துறையில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்தபோது தீயணைப்புப் படையினர் 66 பேர் இறந்தார்கள். இன்றும் அந்த நாள்தான் நாடெங்கும் தீயணைப்புப் படையினரின் நினைவு நாள். 2015 மே மாதம் கால்பாதேவி தீ விபத்தில் தலைமை அதிகாரி உட்பட நான்கு மூத்த அதிகாரிகளை மும்பை பறிகொடுத்தது. பல்லாண்டு அனுபவம் பெற்றவர்களுக்கே இந்தக் கதி என்றால், தன்னார்வலர்களுக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் பாடம் எப்படி உள்ளே பாய்வது என்பதல்ல. எங்கே போகக் கூடாது என்பதே.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் தொடங்கிய ‘ஆப்த மித்ரா’ திட்டம் இப்படிப்பட்டவர்களுக்கு 12 நாள் பயிற்சியும் ஒரு கருவிப் பையும் தருகிறது. பின்னர் 350 மாவட்டங்களில் 1 லட்சம் பேர் என்று இலக்கு உயர்ந்தது. ஆனால் தினக்கூலித் தோல் பட்டறைத் தொழிலாளிக்கு 12 நாள் பயிற்சி என்பது 12 நாள் கூலி. பயிற்சி, வேலைக்குப் போகாதவர்களைத் தேடி அலைவதைவிட, வேலை முடிந்து வருபவர்களைத் தேடி ராத்திரியில் சந்துக்கு வருவது நல்லது.

சட்டமும் பாதி வழிதான் வந்திருக்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது. அவர் பெயர் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு மோட்டார் வாகன விபத்துக்கானது. ஏணியிலிருந்து விழுந்தவரைத் தூக்கிச் செல்பவருக்கு அந்தப் பிரிவின் குடை எட்டாது.

வெளியுலகில் முன்னுதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. சிலி நாட்டில் 1851இல் வால்பரைசோ நகரில் தொடங்கிய வழக்கப்படி, தீயணைப்பு வீரர்கள் இன்றும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கராச்சியில் அப்துல் சத்தார் எதி ஒரு பழைய வேனில் ஆரம்பித்த சேவை, உலகின் மிகப்பெரிய தன்னார்வ ஆம்புலன்ஸ் அமைப்பாக வளர்ந்தது. தொண்டர்களை வீரர்கள் என்று புகழ்ந்ததோடு அவர்கள் நிற்கவில்லை; கருவியும் பயிற்சியும் அழைப்பதற்கு ஒரு முறையும் ஏற்படுத்தினார்கள்.

தாராவியால் இது முடியாதா? 2020 ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது, சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் லட்சக்கணக்கானோர் வாழும் பகுதி அழிந்துவிடும் என்றே பலரும் நினைத்தார்கள். மாநகராட்சியும் உள்ளூர்த் தனியார் டாக்டர்களும் தொண்டர்களும் வீடு வீடாகப் போனார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். டிசம்பர் 25 அன்று புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை. யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று தெரிந்தவர்கள் கூடவே நடந்ததும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம். அந்தத் தொண்டர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். தொற்று ஓய்ந்ததும் அவர்களைக் கூப்பிடுவதும் ஓய்ந்துவிட்டது.

தேவைப்படுவது பெரிய செலவு அல்ல. ஒவ்வொரு பொதுக் கழிப்பறையின் சுவரிலும் ஒரு பெட்டி. எந்தச் சந்தில் கேட்டாலும் குழந்தைகூட வழிகாட்டும் இடம் அதுதான். பெட்டிக்குள் ஒரு மடக்கு ஸ்ட்ரெச்சர், கழுத்துப் பட்டை, ரத்தம் கட்டத் துணி, கையுறை. கூடவே, பயிற்சி பெற்ற ஐந்து பேரின் தொலைபேசி எண்கள். அரசியல் கட்சிக் கிளைகளும் விநாயகர் மண்டல்களும் தலைவர் படம் போட்டு ஆம்புலன்ஸ் விடும் ஊர் இது. பெட்டியின் மூடியிலும் ஒரு படத்துக்கு இடம் இருக்கிறது.

2022இல் அதானி குழுமம் ஏலத்தில் வென்ற தாராவி மறுசீரமைப்புத் திட்டம் சந்துகளையே இல்லாமல் ஆக்கப் போகிறது, பிறகு எதற்குப் பெட்டி என்று கேட்கலாம். வரைபடங்களில் அகலச் சாலைகள் இருக்கும். ஆம்புலன்ஸ் வாசல்வரை வரும். அதற்கு முன் யாராவது ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய், லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் படுத்த வாக்கில் நுழையுமா என்று பார்த்துவிடுவது நல்லது. நுழையாது என்றால் அந்த இருநூறு அடி எங்கேயும் போய்விடவில்லை. எழுந்து நின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.