குற்றம் வலையிலா, தொட்டியிலா?

ஒரு கண்ணாடிக் கிண்ணம். அடியில் ஒரு கைப்பிடிக் கூழாங்கல். நடுவே நீலமும் சிவப்புமாய் மின்னும் ஒரே ஒரு சின்னஞ்சிறு மீன். இக்காட்சியை நம்மில் பலர் நண்பர் வீடுகளில் கண்டிருப்போம். பத்து நாள் கழித்துச் சென்றால் கிண்ணம் இருக்கும், மீன் இராது. "காட்டு ஆற்று மீனைப் பிடித்து வந்து சிறை வைத்தால் சாகாமல் என்ன செய்யும்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆயினும் குற்றவாளியை நாம் தவறான இடத்தில் தேடுகிறோம் என்பதே என் கருத்து.

அம்மீனின் பெயர் டெட்ரா. தென் அமெரிக்க ஆறுகளே அதன் தாயகம். அவற்றுள் புகழ் பெற்றவை இரண்டு: 1936-இல் அறிவியல் பெயர் பெற்ற நியான் டெட்ரா, 1956-இல் பெயர் பெற்ற கார்டினல் டெட்ரா. நியானின் சிவப்புப் பட்டை பாதி உடலோடு நின்றுவிடும். கார்டினலுக்கு அது உடல் முழுதும் ஓடும். கடைகளில் விற்கும் நியான்கள் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. கார்டினல்களோ பிரேசில் நாட்டின் ரியோ நீக்ரோ ஆற்றிலிருந்து இன்றும் உலகச் சந்தைக்குப் பிடித்து அனுப்பப்படுகின்றன.

அந்த ஆற்றங்கரையில் பார்சலோஸ் என்றோர் ஊர். அங்குள்ள மீனவர்கள் சிறு ஓடங்களில் சென்று, கைவலை கொண்டு மீன் பிடிக்கின்றனர். மழைக்காலத்தில் காட்டுக்குள் வெள்ளம் ஏறும்போது மீன்கள் பெருகும். வெள்ளம் வடியும்போது குட்டைகளில் அகப்பட்டு ஏராளமாக மடியும். ஆகவே அளவறிந்து பிடிப்பதால் இனம் அழிந்துவிடாது. இவ்வுண்மையை ஆராய்ந்து 1989-இல் தொடங்கப்பட்டதுதான் 'பியாபா திட்டம்'. 'ஒரு மீன் வாங்கு, ஒரு மரத்தைக் காப்பாற்று' என்பது அதன் முழக்கம். காடு நின்றால்தான் மீன். மீன் இருந்தால்தான் பிழைப்பு. அப்படியிருக்கக் காட்டை அழிக்க யாருக்கு மனம் வரும்? பண்ணை மீன்களின் போட்டியால் அவ்வணிகம் நலிந்தபோது, பலர் வேறு தொழில் தேட நேர்ந்தது.

வலை குற்றமற்றது என்றால் மீனைக் கொன்றது எது? நம் தொட்டிதான். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சு உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் இல்லை. அவை வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நாமோ காலையில் தொட்டி வாங்கி மாலையில் மீனை விடுகிறோம்!

இரண்டாவது குறை, தனிமை. டெட்ரா கூட்டமாக வாழும் மீன். ஆறேழு துணையேனும் இல்லாவிட்டால் அஞ்சி ஒடுங்கி நிறம் மங்கும். அவை நீந்த இரண்டடி நீளத் தொட்டியாவது வேண்டும்.

மூன்றாவது, நீர். ரியோ நீக்ரோவின் நீர் உதிர்ந்த இலைகள் ஊறித் தேநீர் நிறம் கொண்டது, அமிலத்தன்மை உடையது, உப்புகள் மிகக் குறைந்தது. நம் ஊர்க் கிணற்று நீரோ பல இடங்களில் சுண்ணாம்பு மிகுந்தது. அதில் மழைநீரைக் கலக்கலாம். நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலை ஒன்றிரண்டை மிதக்க விடலாம். நம் கோடைக்கு நியானைவிட வெப்பம் தாங்கும் கார்டினலே ஏற்றது.

சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகள் பெருகிவிட்ட இந்நாளில், "செத்தால் இன்னொன்று" என்னும் அலட்சியமும் உடன் வளர்ந்துவிட்டது. காட்டில் ஓராண்டே பெரும்பாலும் வாழும் கார்டினல், நல்ல தொட்டியில் நான்கைந்து ஆண்டு வாழும். கடல் கடந்து வரும் வழியில் சில மீன்கள் மடிவதும் உண்மையே. அதையும் தாங்கிப் பிழைத்து வந்த உயிரை நம் அவசரத்துக்குப் பலியிடுவது எவ்வகையில் தகும்?

ஆகவே நண்பர்களே, முதலில் தொட்டியை வாங்குங்கள். நீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, நாளுக்கொரு சிட்டிகை மீன் உணவு இட்டுக் காத்திருங்கள். தொட்டி பக்குவமான பின்னர் மீன் வாங்கச் செல்லுங்கள். அந்த ஒன்றரை மாதம் பொறுக்க இயலாதவர், மீன் வளர்க்கும் ஆசையை விட்டுவிடுவதே அந்த மீனுக்குச் செய்யும் பெரிய உதவி.